கால் சுடுகிறது, தோள் நடுங்குகிறது: ஹாரோ வீட்டுக் குளியலறை ஒன்றின் வெப்பக் கணக்கு

லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில் 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடு ஒன்றின் பாதி இது. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைக்குத் தரையடிச் சூடாக்கம் இருக்கிறது. சிமெண்ட் பூச்சுக்குள் 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. மற்ற அறைகளில் வழக்கமான இரும்பு ரேடியேட்டர்கள். இரண்டுக்கும் ஒரே எரிவாயு பாய்லர்தான் வெந்நீர் அனுப்புகிறது. மாடிக் குளியலறையைப் புதுப்பித்தபோது வீட்டுக்காரர்கள் அங்கும் தரையடிச் சூடாக்கம் கேட்டார்கள். சுவரில் ஏணிபோல நிற்கும் குரோமிய டவல் ரேடியேட்டர் ஒன்றும் வேண்டும் என்றார்கள். இரண்டும் பொருத்தப்பட்டன. ஆனால் குளிர்காலம் தொடங்கியதும் வீட்டிலேயே குளிர்ந்த அறை அதுதான் என்றாயிற்று.

நான் பார்க்கப் போன அன்று வெளியே 4 டிகிரி செல்சியஸ். வீட்டுப் பாட்டி குளியலறை வாசலில் நின்றபடி சொன்னார்: “காலுக்குக் குறையில்லை தம்பி, தரை இதமாகத்தான் இருக்கிறது. குளித்துவிட்டுத் திரும்பினால் தோள் நடுங்குகிறது. துவாலை நேற்றுப் போட்டது இன்னும் ஈரம்.” பழுது என்ன என்று தேடுவதற்கு இதைவிடத் தெளிவான விவரம் எனக்குத் தேவைப்படவில்லை. தரை தன் வேலையைச் செய்கிறது. காற்றைச் சூடாக்கவும் துணியை உலர்த்தவும் வேண்டியது எதுவோ, அதுதான் வேலை செய்யவில்லை.

மாடிப்படியின் அடியிலுள்ள அலமாரியில்தான் தரையடிச் சூடாக்கத்தின் மேனிஃபோல்டு, அதாவது வெந்நீரைத் தரைக் குழாய்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு, இருந்தது. பாய்லரிலிருந்து 65 டிகிரியில் வரும் நீரை, தரையிலிருந்து திரும்பும் நீரோடு கலந்து 42 டிகிரிக்குக் குறைக்கும் கலப்பு வால்வு ஒன்று, அதன் அருகே ஒரு சிறிய பம்பு, பிறகு ஆறு வளையங்களுக்கான வாய்கள். நான்கு வாய்கள் சமையலறைக்கு. ஐந்தாவது குளியலறைத் தரைக்கு. ஆறாவது வாயைத் தொடர்ந்து பார்த்தால், குழாய் மேலே ஏறி நேராக டவல் ரேடியேட்டருக்குப் போகிறது. இரண்டு வாய்களையும் குளியலறைக்கு வெளியே இருந்த ஒரே தெர்மோஸ்டாட் இயக்கியது.

ஒவ்வொரு வாயின் மேலும் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதற்குள் சிவப்பு மிதவை ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதைக் காட்டும். டவல் ரேடியேட்டரின் குமிழில் மிதவை இரண்டரை லிட்டருக்கு இறங்கி நின்றது. பக்கத்திலேயே குளியலறைத் தரையின் மிதவை அரை லிட்டரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. காரணம் எளிது. தரை வளையம் நீண்டது, வளைவுகள் நிறைந்தது. ரேடியேட்டருக்குப் போகும் பாதை குட்டையானது, தடையற்றது. நீர் எப்போதும் தடை குறைந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். ரேடியேட்டரின் நுழைவாயில் 41 டிகிரி, வெளியேறும் இடத்தில் 40. இவ்வளவு நீர் ஓடியும் வெப்பத்தை இறக்கிவிடாமல் அப்படியே திரும்பிக்கொண்டிருந்தது. குளியலறைக் காற்று 17 டிகிரி, தரையின் மேற்பரப்பு 24.

அட்டையில் எழுதியிருந்த வாட்

அந்த டவல் ரேடியேட்டரை வாங்கியபோது பெட்டியில் 380 வாட் என்று அச்சிட்டிருந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த எண் எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதை வாங்குபவர் யாரும் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் ரேடியேட்டர்களை ஈ.என். 442 என்ற தர விதிப்படி அளக்கிறார்கள். நீர் 75 டிகிரியில் நுழைந்து 65 டிகிரியில் வெளியேற, அறை 20 டிகிரியில் இருக்கும். அதாவது ரேடியேட்டரின் சராசரிச் சூட்டுக்கும் அறைக்கும் இடையே 50 டிகிரி வித்தியாசம். இந்த வித்தியாசம் குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறையாது, அதைவிட வேகமாகச் சரியும். டவல் ரேடியேட்டர்களுக்கு ஏறத்தாழ 1.25 என்ற அடுக்கில் சரியும் என்று வைத்துக் கணக்கிடலாம். இங்கே நீர் 40, அறை 17, வித்தியாசம் 23. அந்த 380 வாட் அப்போது 145 வாட்டுக்குக் கீழே போய்விடுகிறது. அதன்மேல் தடித்த துவாலை இரண்டைப் போட்டால் இன்னும் குறையும்.

குரோமியப் பூச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு டவல் ரேடியேட்டர்களில், வெள்ளை வண்ணம் பூசியதைவிடக் குரோமியம் பூசியது கண்கூடாகக் குறைவான வெப்பமே தரும். பளபளக்கும் உலோகப் பரப்பு வெப்பக் கதிர்வீச்சை வெளிவிடுவதில் மிகவும் மந்தம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. குளியலறையில் அதுதான் முக்கிய வெப்ப மூலம் என்றால் குரோமியத்தை வாங்க வேண்டாம். அழகுக்காக வாங்குவதானால், வண்ணம் பூசியதைவிடப் பெரிய அளவில் வாங்க வேண்டும்.

இனி அறை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கு. குளியலறை 2.6 மீட்டருக்கு 2.2 மீட்டர், உயரம் 2.4. இரண்டு சுவர்கள் வெளியே பார்த்தவை. உள்ளே 22, வெளியே மைனஸ் 2 என்று எடுத்துக்கொண்டேன். சன்னல் போக மீதி வெளிச்சுவர் பத்தரை சதுர மீட்டர். இரண்டு அடுக்குச் செங்கல், நடுவில் வெற்று இடைவெளி. அந்தக் காலத்து வீடுகளுக்கே உரிய கட்டுமானம். அதன் வழியாக மட்டும் 380 வாட் போகிறது. சன்னலும் கூரையும் சேர்ந்து 95 வாட். கதவிடுக்கு, சன்னலிடுக்கு, விசிறி வழியாக மாறும் காற்றுக்கு 215. மொத்தம் ஏறத்தாழ 690 வாட்.

தரை இதில் எவ்வளவைத் தாங்கும்? அறையின் பரப்பு 5.7 சதுர மீட்டர் என்றாலும், குளியல் தொட்டி, ஷவர் மேடை, கழிப்பறைத் தொட்டி, கைகழுவும் அலமாரி ஆகியவை போக, காலால் மிதிக்கக் கிடைப்பது 2.9 சதுர மீட்டர். வெப்பம் மேலே வருவது அந்த அளவில்தான். குளியல் தொட்டிக்கு அடியில் குழாய் ஓட்டினாலும் அந்த வெப்பம் பலகைக்குப் பின்னால் சிறைப்பட்டுக் கிடக்கும். கழிப்பறைத் தொட்டிக்கு அடியில் ஓட்டினால், அதைப் பொருத்த வருபவரின் துளைக்கருவிக்குக் குழாய் இரையாகும்.

தரையை வேண்டிய அளவு சூடாக்கவும் முடியாது. தரையடிச் சூடாக்கத்துக்கான ஈ.என். 1264 விதி, சாதாரண அறைகளில் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. குளியலறைக்கு, அறை 24 என்று கொண்டு, 33 வரை இடம் தருகிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: தரை அறையைவிட 9 டிகிரி கூடுதலாக இருக்கலாம், அப்போது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கிடைக்கும். அதுவே உச்சம். இந்த வீட்டு மாடியில் சிமெண்ட் பூச்சு இல்லை. மரச் சட்டங்களுக்கு இடையே அலுமினியத் தகடுகள், அவற்றில் குழாய், மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் டைல்ஸ். மரம் வெப்பத்தைத் தயங்கித்தான் விடும். நீரை 45 டிகிரிக்கு உயர்த்தினாலும் சதுர மீட்டருக்கு 65 வாட் வரலாம். 2.9 சதுர மீட்டருக்கு 190 வாட்.

690இல் 190ஐக் கழித்தால் 500 வாட் மீதி. அந்த 500 வாட்டைக் கொடுக்க நிறுத்தப்பட்டிருந்த ரேடியேட்டர் 145 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. தோள் ஏன் நடுங்கியது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஒரே அறை, இரண்டு கடிகாரங்கள்

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். சமையலறையின் சிமெண்ட் தரை சூடேறப் பல மணி நேரம் எடுக்கும், ஆறவும் அவ்வளவு நேரம் எடுக்கும். மாடியின் மரத் தரை அதைவிடச் சுறுசுறுப்பானது என்றாலும், விடியற்காலையில் அவசரப்படுத்தினால் ஓடிவராது. குளியலறையோ காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் புழங்கும் அறை. அந்த நேரத்தில் மட்டும் காற்று 18இலிருந்து 22க்கோ 23க்கோ ஏற வேண்டும், மற்ற நேரத்தில் அப்படியே விட்டுவிடலாம். இந்த ஏற்றத்தைத் தரையிடம் கேட்பது நியாயமில்லை. ரேடியேட்டர்தான் அரை மணியில் அதைச் செய்யக்கூடியது.

ஒரே தெர்மோஸ்டாட்டை இரண்டுக்கும் கட்டியதில் இது அடிபட்டுப்போனது. இரவு பத்து மணிக்குத் தெர்மோஸ்டாட் இரண்டையும் சேர்த்து அணைத்தது, காலை ஆறு மணிக்கு இரண்டையும் சேர்த்து எழுப்பியது. ஆறரைக்குக் குளிக்கப் போகிறவருக்குத் தரையும் தயாராக இல்லை, காற்றும் தயாராக இல்லை. ஈரமான உடம்பின்மேல் ஆவியாகும் நீர் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் குளிர்ந்த வெளிச்சுவர். அந்த நிலையில் 17 டிகிரி என்பது உடை போட்டவருக்கு இருக்கும் 17 டிகிரி அல்ல.

குழாய் போட்டவரை நான் குறை சொல்லவில்லை. குளியலறைக்கு மேனிஃபோல்டிலிருந்து ஏற்கெனவே ஒரு குழாய் போகிறது, இன்னொன்றையும் சேர்த்து இழுத்தால் மாடி நடைபாதையின் பலகைகளைப் பெயர்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். இணைப்பு ஒழுகவில்லை, காற்றுச் சிக்கவில்லை, கைவேலை சுத்தம். கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

செய்தது

முதல் வேலை, டவல் ரேடியேட்டரை மேனிஃபோல்டிலிருந்து பிரித்தது. பக்கத்துப் படுக்கையறை ரேடியேட்டருக்குப் போகும் 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய்கள் நடைபாதைப் பலகைகளுக்கு அடியில்தான் ஓடின. அங்கிருந்து கிளை எடுத்தோம். ஆனால் அப்படியே விட்டிருந்தால் வேறு சிக்கல் வந்திருக்கும். மாடி ரேடியேட்டர்களைக் கூடத்திலுள்ள தெர்மோஸ்டாட் ஆள்கிறது. கூடம் சூடேறியதும் அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும், குளியலறை பாதியில் நிற்கும். அதனால் டவல் ரேடியேட்டருக்கென்று மோட்டார் வால்வு ஒன்றும் நேரக் கட்டுப்பாடு ஒன்றும் தனியாக வைத்தோம். அது கேட்டால் பாய்லர் எழும், அது போதும் என்றால் அந்தக் கிளை மட்டும் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, ரேடியேட்டரையே மாற்றினோம். குரோமியத்துக்குப் பதில் வெள்ளை வண்ணம் பூசிய, அகலமும் உயரமும் கூடிய ஒன்று, 50 டிகிரி வித்தியாசத்தில் 900 வாட். 900 என்றதும் வீட்டுக்காரர் மலைத்தார். பாய்லரை 60 டிகிரிக்கு இறக்கினால், 60இல் நுழைந்து 50இல் வெளியேறும் நீரில் அது 535 வாட்தான் தரும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தேவை 500.

குளியலறைத் தரைக்குத் தனித் தெர்மோஸ்டாட். குழாய்களுக்கு நடுவே சிறு குழலுக்குள் உணர்வுக் கம்பி ஒன்றை இறக்கி, மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டாதபடி கட்டினோம். இரவில் அணைப்பதில்லை, இரண்டு டிகிரி மட்டும் தாழ்த்துகிறது. கலப்பு வால்வை 45க்கு உயர்த்தி, மேனிஃபோல்டில் மிதவைகளைப் பார்த்துப் பார்த்து நீரோட்டத்தைச் சமன் செய்ததில், ஆறாவது வாய் மூடப்பட்ட அன்றே சமையலறையின் தூர மூலையும் சூடேறத் தொடங்கியது. அந்த மூலை குளிர்கிறது என்று அதுவரை யாரும் புகார் சொல்லியிருக்கவில்லை.

நீரை வடித்தபோது அது கறுப்பாக வந்தது. இரும்பு ரேடியேட்டர்களையும் பிளாஸ்டிக் தரைக்குழாய்களையும் ஒரே நீரில் இணைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஆக்சிஜனைத் தடுக்கும் படலம் இல்லாத பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியே ஆக்சிஜன் நீருக்குள் ஊடுருவும், இரும்பை அரிக்கும். அந்தக் கறுப்புச் சேறு பம்பிலும் கலப்பு வால்விலும் போய் அமரும். இங்கே குழாயின்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்தேன், தடுப்புப் படலம் உள்ள வகைதான். புதுப்பிக்கும்போது நீரை வடித்துவிட்டு, அரிப்புத் தடுப்பு மருந்தைத் திரும்பச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கழுவி, மருந்து சேர்த்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்தினோம்.

கோடையில் துவாலை உலர வேண்டும் என்பது பாட்டியின் கோரிக்கை. சூடாக்கம் முழுவதும் நின்றிருக்கும் மாதங்களில் ஒரு துவாலைக்காகப் பாய்லரை எழுப்புவது வீண். ரேடியேட்டரின் அடியில், உள்ளிருக்கும் நீரை மின்சாரத்தால் சூடாக்கும் 150 வாட் மின்தண்டு ஒன்றைச் செருகினோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மின்தண்டு வேலை செய்யும்போது ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளையும் மூடக் கூடாது. சூடாகும் நீர் விரியும். விரிய வழியில்லாமல் போனால் அழுத்தம் ஏறி இணைப்புகள் கசியும். கீழ் வால்வு ஒன்றாவது திறந்தே இருக்க வேண்டும். மின் இணைப்பை நான் தொடவில்லை. பிரிட்டனின் பி.எஸ். 7671 மின் விதிகள் குளியலறையைத் தொட்டியிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தொட்டி விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு அப்பால் ரேடியேட்டர், அறைக்கு வெளியே சுவிட்ச், 30 மில்லியாம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு என்று தகுதி பெற்ற மின்பணியாளர் செய்து சான்றிதழும் கொடுத்தார்.

ரேடியேட்டருக்குப் பின்னால் சுவர் மூலையில் பூஞ்சை படிந்திருந்தது. அதற்கு வெப்பம் மட்டும் போதாது. விசிறி விநாடிக்கு 15 லிட்டர் இழுக்கும் வகை. குளியலறைக்கு இங்கிலாந்தின் விதி கேட்பதும் அதுதான். ஆனால் புதிய டைல்ஸ் போட்டதில் தரை உயர்ந்து, கதவின் அடி இடுக்கு முழுவதும் அடைபட்டிருந்தது. உள்ளே வரக் காற்றில்லாமல் விசிறி எதை இழுக்கும்? கதவின் அடியை 10 மில்லிமீட்டர் இழைத்தோம். மொத்த வேலையிலும் செலவு குறைந்தது இதுதான், பூஞ்சை குறைந்ததில் பெரும்பங்கும் இதற்குத்தான் என்று நம்புகிறேன்.

மறுத்த வழிகள்

ரேடியேட்டர்கள் மட்டுமே உள்ள வீட்டில் குளியலறைத் தரையை மட்டும் சூடாக்க விரும்பினால், ஜெர்மனியில் பரவலாகச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் குழாயிலிருந்தே தரை வளையத்துக்கு நீரைக் கொடுத்து, திரும்பும் நீரின் சூட்டைப் பார்த்து மூடித் திறக்கும் வால்வு ஒன்றைக் கடைசியில் வைப்பார்கள். மேனிஃபோல்டு, பம்பு, கலப்பு வால்வு எதுவும் வேண்டாம். சிறிய பரப்புக்கு, தடித்த சிமெண்ட் பூச்சு உள்ள தரைக்கு நல்ல வழிதான். பாய்லர் 60 டிகிரியில் அனுப்பினால் அதே சூட்டில் முதல் நீர் தரைக்குள் நுழைகிறது என்பதால், மெல்லிய மரத் தரையில் அதை நான் விரும்புவதில்லை. இந்த வீட்டில் கலப்பு வால்வு ஏற்கெனவே இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

டைல்ஸுக்கு அடியில், மின்சாரத்தால் சூடாகும் மின்பாய் போட்டிருக்கலாமே என்று அண்டை வீட்டுக்காரர் கேட்டார். சதுர மீட்டருக்கு 150 வாட் பாய் 2.9 சதுர மீட்டருக்கு 435 வாட் இழுக்கும். போடுவது சுலபம். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை என்ற நிலையில், நாள் முழுவதும் தரையை இதமாக வைத்திருக்க அது ஏற்றதல்ல. காலை மாலை அரை மணிக்கு மட்டும் என்றால் பரவாயில்லை.

சுவர்

இதையெல்லாம் செய்து முடித்தபோதும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது அந்த 380 வாட். மொத்த இழப்பில் பாதிக்கு மேல் வெற்று இடைவெளிச் சுவர் வழியாகப் போகிறது. வெளியிலிருந்து துளையிட்டுப் பார்த்ததில் இடைவெளி சுத்தமாக, சிமெண்ட் கட்டிகள் விழுந்து அடையாமல் இருந்தது. அதில் வெப்பக்காப்பு மணிகளை ஊதி நிரப்பினால் இழப்பு 140 வாட்டுக்கு இறங்கும், அறையின் மொத்தம் 450 ஆகும் என்று சொன்னேன். அடுத்த கோடையில் வீடு முழுவதற்கும் செய்தார்கள். மழையும் காற்றும் நேராக அடிக்கும் கடலோர வீடு என்றால் இதைச் செய்யுமுன் இன்னும் ஆராய வேண்டும். ஹாரோவில் அந்தத் தயக்கம் குறைவு.

இப்போது தரை 190 தருகிறது, ரேடியேட்டர் தர வேண்டியது 260 மட்டும். அதன்பின் பாய்லரை 55க்கு இறக்கினோம். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் பகுதி எல், 2022 ஜூன் முதல், புதிதாக அமைக்கும் அல்லது முழுவதும் மாற்றும் வெந்நீர்ச் சூடாக்க அமைப்புகளை 55 டிகிரிக்கு மேல் போகாதபடி வடிவமைக்கச் சொல்கிறது. இந்தப் பழைய அமைப்புக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அதன் பின்னாலுள்ள காரணம் இங்கேயும் பொருந்தும். திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் புகையிலுள்ள நீராவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து, வீணாகப் போகவிருந்த வெப்பத்தைத் திருப்பித் தரும். 45இல் திரும்பும்போது அது இன்னும் நன்றாக நடக்கிறது.

பாய்லருக்கு வயதாகிவிட்டது. அடுத்து, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்பு வைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். வெப்பப் பம்பு 45 டிகிரி நீரில் சிக்கனமாக ஓடும், அதற்கு மேலே ஏற்ற ஏற்ற மின்சாரத்தைத் தின்னும். 45இல் நுழைந்து 40இல் வெளியேறும் நீரில் அந்த 900 வாட் ரேடியேட்டர் ஏறத்தாழ 295 வாட் தருகிறது. தேவை 260. மயிரிழையில் போதும், துவாலையைக் குளித்து முடித்த பிறகு போட்டால். அப்போது தரைக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே சூட்டு நீர் போய்விடும், கலப்பு வால்வுக்கு வேலையில்லை. முதலில் செய்திருந்த இணைப்பைப் போலவே இரண்டும் ஒரே நீரில் ஓடும், இம்முறை சுவர் நிரம்பியிருக்கிறது, ரேடியேட்டர் அந்தச் சூட்டுக்கென்று அளவெடுத்தது, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. மற்ற படுக்கையறைகளின் ரேடியேட்டர்கள் 45இல் தாங்குமா என்பதை ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும். முன்பக்க அறையில் இருப்பது ஒற்றைத் தகடு ரேடியேட்டர். அது தாங்காது என்று இப்போதே தெரிகிறது. அதை இரட்டைத் தகடாக மாற்றுவதற்கான அளவுகளை எடுத்து வந்திருக்கிறேன்.